முதல் சொட்டு என் கன்னத்துக்கு

பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு வாசலில் ஒரு போர்டு, கழுத்துக்கு மேலே ஒரு போர்டு. வருகிறவர்கள் முதலில் படிப்பது இரண்டாவதைத்தான்.

என் கடை கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. நானும் ஸ்டெல்லாவும்தான் மொத்தப் பட்டாளம். ஸ்டெல்லா பள்ளிக்கரணையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். த்ரெடிங், வேக்ஸிங் அவள் பொறுப்பு. ஃபேஷியலும் கல்யாண மேக்கப்பும் என் பொறுப்பு. ஒரு கோடையில் என் முகத்துக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கன்னத்தில் திடீரென்று முளைத்த சிவப்பைக் கண்ணாடியில் பார்த்துத் திகைத்தவர்கள், ஒரு க்ரீமால் வந்ததை இன்னொரு க்ரீமால் சரிசெய்யப் போய் மாட்டிக்கொண்டவர்கள், சொறியக் கூடாது என்று தெரிந்தே சொறிந்தவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. துணைக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான்.

முதல் சொட்டு

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது டப்பாவைத் திறந்தாலும் முதல் சொட்டு என் இடது கன்னத்துக்கு. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் எதிரிலேயே பூசிக்கொள்வேன். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பேன். என் கன்னம் சும்மா இருந்தால்தான் அவர் முகத்தில் கை வைப்பேன். கடை ஆரம்பித்த புதிதில் ப்ளீச் என்றாலே பயந்த ஒரு அம்மாவுக்குத் தைரியம் சொல்வதற்காகச் செய்தது. அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

நாளாக ஆக அதுவே கடையின் அடையாளமாகிவிட்டது. ‘கன்னத்துல போட்டுக் காட்டுற பார்லர்’ என்று கேட்டால் சேலையூர் பக்கம் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். மெயின் ரோட்டில் ஏசி, கண்ணாடிக் கதவு, காபி மெஷின் சகிதமாக ஒரு பெரிய சலூன் வந்த பிறகும் பழைய ஆட்கள் என்னிடம் வந்துகொண்டிருந்தது இந்த ஒரு சொட்டுக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கும் சரோஜா டீச்சர், தான் கூட்டிவரும் சிநேகிதிகளிடம் என் தொழில் ரகசியத்தை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “சமைச்சவளே முதல்ல சாப்பிட்டா நாம பயப்படாம சாப்பிடலாம்ல, அதான் விஷயம்.”

காய்ந்த மாஸ்க்

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த சமயம். கம்பெனி சாம்பிள்கள் கொண்டுவரும் கோமதி ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனாள். தோலை உரித்தெடுக்கும் பழ அமில பீல், வைட்டமின் சீரம், கரி ஸ்க்ரப், ரோஸ் டோனர் என்று எல்லாம் புதுசு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். வந்தவர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். ஆளுக்கொரு முதல் சொட்டு என் இடது கன்னத்தில் விழுந்தது. சாயங்காலம் பார்த்தால் இடது பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தது. ஒரு கன்னத்துக்கு மட்டும் செய்வது நியாயமில்லை என்று மிச்சத்தையெல்லாம் வலது கன்னத்துக்கும் கொடுத்தேன்.

காலையில் எழுந்தபோது முகம் என்னுடையதாக இல்லை. இரண்டு கன்னமும் சிவந்து, தடித்து, தொட்டால் சுட்டது. பச்சைத் தண்ணீரில் கழுவினேன். தண்ணீரே எரிந்தது. மறுபடியும் கழுவினேன். துடைத்துக்கொண்டு கடையைத் திறந்து நின்றால் கேட் தாண்டி உள்ளே வந்த ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “இன்னாக்கா, மாஸ்க்கு காஞ்சி பூட்ச்சி பாரு. சீக்கிரம் கழுவிக்கோ, தோலு இஸ்துக்கும்.”

அதே கலர்

நம் தொழிலில் ஒரு வசதி, எதையும் மூடி மறைக்கலாம். பச்சை கன்சீலர் வைத்தால் சிவப்பு அடங்கும் என்று நானே எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன். எனக்கும் போட்டேன். அதன்மேல் ஃபவுண்டேஷன், அதன்மேல் காம்பாக்ட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போனது, ஃபேன் நின்றது, வியர்வை இறங்கியது, மேலே பூசியதெல்லாம் மெல்ல விலகி உள்ளே இருந்த சிவப்பு எட்டிப் பார்த்தது.

மேடவாக்கத்தில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் அப்போது புருவம் திருத்த உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டாள், இனி ஆபீஸ் முழுக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா வேலையை நிறுத்தியதும் அவள் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து ஆசையாகக் கேட்டாள்: “அக்கா, அது என்ன ப்ளஷ்? ரொம்ப நேச்சுரலா இருக்கு. எனக்கும் அதே கலர் போட்டு விடுங்க.”

எரிந்தால் நல்லது

பூசி மறைக்க மறைக்க அது பெருகியது. ஒரு கட்டத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அப்போது எனக்கு ஒன்று புரிந்தது: பார்லருக்கு வருகிற ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஒரு பியூட்டிஷியன்தான், சந்தர்ப்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவர் கஸ்தூரி மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தார். ஒருவர் வீட்டுத் தொட்டியில் வளர்த்த கற்றாழையை மடலோடு வெட்டி வந்தார். இன்னொருவர் காலி மனையில் குப்பைமேனி பறித்துக்கொண்டு வந்து நானே அரைத்துத் தருகிறேன் என்று சமையலறை வரைக்கும் போய்விட்டார். எல்லாம் அன்பால் செய்ததுதான். எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு, பழக்க தோஷம், புதுசு என்றால் என் கன்னம் தானாக முன்னால் வந்துவிடும்.

கடைசியில் எலுமிச்சம்பழச் சாறும் தயிரும் கலந்து ஒரு பூச்சு. கொண்டுவந்தவர் ரிட்டயர்டு ரயில்வே அதிகாரியின் மனைவி, அடுத்த தெரு, ரொம்ப நல்ல மனுஷி. பூசிய உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெருப்பாக எரிகிறது மாமி, கழுவிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னதைக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் ப்ளீச் போட்டுக்கொண்டு நெளிகிறவர்களிடம் வார்த்தை மாறாமல் இதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்: “எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ.”

கட்டைப்பை

குரோம்பேட்டையில் தோல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனதற்கு நிஜமான காரணம் எரிச்சல் இல்லை. நஸ்ரின் கல்யாணம். தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். அம்மா ஜமீலா அக்கா என்னிடம் பல வருஷமாக வருகிறவர். பக்ரீத் கழிந்து மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். மணப்பெண் மேக்கப்பும், கூட இருக்கும் பெண்களுக்கு வேண்டியதும் என் பொறுப்பு என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மற்ற மணப்பெண்களையெல்லாம் ஏசி சலூன் அள்ளிக்கொண்டு போயிருந்தது. எனக்கு மிச்சம் இருந்த ஒரே பெரிய கல்யாணம் இதுதான். இதுவும் கைநழுவினால் முன்னறையைக் காலி செய்துவிட்டு நானும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் வேலை கேட்டுப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு அந்த வழியும் கிடையாது. அவள் பேசுகிற பேச்சுக்கு அங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

முகத்தில் போடுவதையெல்லாம் எடுத்து வாருங்கள் என்று க்ளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை நிறைய எடுத்துப் போனேன். டாக்டரம்மா மேஜைமேல் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னார். இடம் போதாமல் பிரஷர் பார்க்கிற மெஷினை நர்ஸ் ஓரமாக நகர்த்தி வைத்தார். தனித்தனியாக எதுவும் விஷமில்லை, எல்லாம் சேர்ந்து மேல்தோலைத் தேய்த்துவிட்டது, அது இப்போது தண்ணீரைக்கூடத் தாங்காது என்று விளக்கினார். கொஞ்ச நாளைக்கு ஒரு மருந்து எழுதினார். அதற்கு மேல் காலையில் வெறும் தண்ணீர், ராத்திரி நுரை வராத ஒரு க்ளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன். வேறு ஒன்றும் கூடாது. முகம் நன்றாக ஆறிய பிறகு வேண்டுமானால் ஒவ்வொன்றாக, அதுவும் முதலில் கையில் ஒரு மூலையில் வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு.

நான் பார்லர் நடத்துகிறவள், ஒன்றும் போடாமல் கடையில் எப்படி நிற்பது என்று கேட்டேன். டாக்டரம்மா கட்டைப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “கடைக்கு வாரத்துல ஒரு நாள் லீவு விடுவீங்கள்ல? இந்த மூஞ்சிக்கு என்னைக்காவது விட்டிருக்கீங்களா?”

கேன் தண்ணீர்

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் கை தானாக டோனரைத் தேடும். டப்பாக்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். முகம் உரிந்தது. உரிந்ததைப் பிய்க்காமல் இருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டரம்மா சொன்ன மாய்ஸ்சரைசர் வெள்ளையாக, வாசனையே இல்லாமல், மளிகைக் கடைப் பசை மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை படிப்பு என்று தோன்றியது. ஆனால் அதைப் பூசினால் எரியவில்லை. எரியாத ஒரு பொருளை முகத்தில் வைத்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. குழாய் முனையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதனால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் முகம் கழுவ ஆரம்பித்தேன். கிண்டியில் ஆபீஸ் போய்வரும் என் வீட்டுக்காரர், கேட்டிலிருந்து கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், இரண்டு மூன்று நாள் பார்த்தார். நாலாவது நாள் காலையில் கேனைக் கீழே வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பருப்பு வேக வைக்கக்கூட இந்தத் தண்ணிய நீ ஊத்தினது இல்ல ஹேமா.”

ஓனர் இல்லையா

சிவப்பு மெல்ல இறங்கியது. ஆனால் பூச்சே இல்லாத என் முகத்தை ஊர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சரோஜா டீச்சர் வந்தார், புதுசாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டார், எப்போதும்போல என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது என்னால் போட்டுக் காட்ட முடியாது டீச்சர் என்று சொன்னேன். கோபப்படவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சரியானதும் வருகிறேன் என்று எழுந்து போனார். அடுத்த வாரம் அவர் கண்ணாடிக் கதவுக்குள் நுழைவதை ஸ்டெல்லா பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். சொல்ல வேண்டாம் என்று நினைத்து, பிறகு சொல்லியும் விட்டாள்.

புதிதாக முடிச்சூரிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். சுவரில் என் சர்டிபிகேட்டும், பக்கத்தில் முழு மேக்கப்போடு என் போட்டோவும் மாட்டியிருக்கும். அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துடைப்பத்தோடு நின்ற என் கையைப் பார்த்தார். என்ன வேண்டும் மேடம் என்று கேட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “பரவால்லம்மா, ஓனர் வந்ததும் வரேன்.”

பதினோரு மூலிகை

இந்த நிலைமையில் கோமதி மறுபடியும் வந்தாள். என் கதையைக் கேட்டு அவளுக்கு நிஜமாகவே வருத்தம். அவள் பையிலிருந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்து, அக்கா, உங்களை மாதிரி சென்சிட்டிவ் ஸ்கின்காரங்களுக்குன்னே வந்திருக்கு, பதினோரு மூலிகை என்று நீட்டினாள். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க வாசனை. பதினோரு பேரோடு சண்டை போட என் கன்னத்துக்குத் தெம்பில்லை கோமதி, ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கிற மாதிரி, வாசனை கலர் எதுவும் இல்லாத மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் பையைத் துழாவிப் பார்த்தாள். பிறகு பையை மூடிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஒண்ணுமே போடாத க்ரீமை எங்க கம்பெனி இன்னும் போடலக்கா.”

புது டப்பா

கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால் ஜமீலா அக்கா மகளையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மேக்கப் ட்ரையல் பார்க்க வந்தார். நஸ்ரின் வண்டலூர் பக்கம் காலேஜ் முடித்தவள். அதிகம் பேச மாட்டாள். என் முகம் அப்போதுதான் தேறியிருந்தது. சிவப்பு இல்லை, ஓரங்களில் மட்டும் லேசாக வறட்சி. நாத்தனாருக்கு அந்த வறட்சிதான் கண்ணில் பட்டது. தன் முகத்தையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவளிடமா பொண்ணை விடுகிறாய், மெயின் ரோட்டிலேயே பெரிய இடம் இருக்கிறதே என்று ஜமீலா அக்கா காதில் சொன்னார். காதில் சொன்னாலும் முன்னறை சின்னதுதானே, எனக்கும் கேட்டது.

ஜமீலா அக்கா நியாயமான மனுஷி. சுற்றி வளைக்காமல், எப்போதும்போல உன் கன்னத்தில் போட்டுக் காட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் பொண்ணு உனக்குத்தான் என்றார். கேட்டதில் தப்பே இல்லை. நானே போட்ட சட்டம். ஸ்டெல்லாவிடம் சாவி வாங்கிப் பீரோவைத் திறந்து புது டப்பாவை எடுத்தேன். விரலில் ஒரு சொட்டு எடுத்தேன். விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. எவ்வளவு பாடுபட்டு ஆறிய கன்னம். போட்டால் நாளைக்கு மறுபடியும் தீப்பிடிக்கும். போடாவிட்டால் கல்யாணம் போய்விடும், கடையும் போய்விடும். என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா சட்டென்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தை நீட்டினாள். அவள் முகத்தில் போட்டுக் காட்டச் சொன்னாள். தனக்கு எதுவும் ஆகாது, ஃபினாயில் ஊற்றினாலும் அந்தத் தோல் தாங்கும் என்றாள். நாத்தனார்கூடச் சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா தாங்குவாள் சரி, அதை வைத்து நஸ்ரினுக்கு என்ன தெரியும்? அப்படியானால் இத்தனை காலம் என் கன்னத்தை வைத்து யாருக்கு என்ன தெரிந்தது? விரலை டிஷ்யூவில் துடைத்தேன். ஸ்டெல்லா கன்னம் ஸ்டெல்லாவுக்குத்தான் சாட்சி, என் கன்னம் எனக்குத்தான், நஸ்ரினுக்கு என்ன ஆகும் என்று நஸ்ரின் கையில்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். எனக்கு டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். ஜமீலா அக்கா என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அப்போ இத்தனை வருஷமா உன் கன்னத்துல போட்டுக் காட்டினது எதுக்கு ஹேமா?”

முழங்கைக்கு மேலே

நஸ்ரின்தான் முதலில் கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் வைக்கலாம் என்று குனிந்தேன். ஜமீலா அக்கா தடுத்தார். தொழுகைக்கு ஒளு செய்யும்போது முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும், நீ வைத்தது ஒரு வேளைகூட நிற்காது என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அதனால் முழங்கைக்கு மேலே, உள்பக்கமாக, ப்ரைமர் ஒரு பொட்டு, ஃபவுண்டேஷன் ஒரு பொட்டு, பவுடர் ஒன்று, பொய் இமை ஒட்டும் பசை ஒன்று என்று இடைவெளி விட்டு வைத்தேன். குளிக்கும்போதும் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, நாளைக் கழித்து வரச் சொன்னேன். வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த இரண்டு நாளும் கேட் சத்தம் கேட்டால் ஸ்டெல்லாவும் நானும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம்.

வந்தார்கள். மூன்று பொட்டு சமர்த்தாக இருந்தது. ப்ரைமர் வைத்த இடம் சிவந்து, சின்னச் சின்னப் பருக்களாகக் கிளம்பியிருந்தது. நல்ல வாசனையான ப்ரைமர், கோமதி தந்தது. ஜமீலா அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு அளவுக்கு இருந்ததை மகளின் முகம் முழுக்க மனசுக்குள் விரித்துப் பார்த்திருப்பார் போல, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதை விட்டுவிடலாம், மற்றது போதும் என்றேன். பிறகு நஸ்ரின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மூக்கோரம் உரிந்திருந்தது, கன்னம் காய்ந்து இழுத்தது. அந்தச் சாயல் எனக்கு நன்றாகத் தெரியும். என்னென்ன போடுகிறாய் என்று கேட்டால் பெரியம்மா கொடுத்த சிவப்பழகு க்ரீம், அத்தை கொடுத்த ஸ்க்ரப், அம்மா வாங்கிய சீரம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். கல்யாணம் வரைக்கும் எல்லாவற்றையும் நிறுத்து, தண்ணீர், மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான் என்று சொன்னேன்.

ஜமீலா அக்காவுக்கு அது ஆகவில்லை. கல்யாணப் பெண் முகத்துக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள், மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டே போனார். நஸ்ரின் குனிந்து சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். இறக்கி முடித்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்: “எனக்குத் தினமும் எரியுதும்மா. நீங்க ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னுதான் சொல்லல.”

மண்டபம்

கூடுவாஞ்சேரியில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி ஒரு மண்டபம். மணப்பெண் அறையில் ஏசி ஓடியது, ஆனால் உள்ளே இருந்த கூட்டத்துக்கு அது போதவில்லை. நான் நஸ்ரினுக்குக் கொஞ்சமாகத்தான் போட்டேன். அவள் சேலைக்கும் நகைக்கும் நடுவில் அந்த முகத்துக்கு அதிகம் தேவைப்படவும் இல்லை. வேலை முடிந்ததும் எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிரியாணி வாசனை வரும் வரைக்கும் மறுபடியும் மறுபடியும் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் இல்லை என்றாள். நாத்தனாருக்கும் நான்தான் போட்டுவிட்டேன். அவர் கையை அவரே நீட்டி, முழங்கைக்கு மேலே முந்தாநாளே வைத்துப் பார்த்துவிட்டேன் என்று பெருமையாகக் காட்டினார். ஸ்டெல்லா யாருக்கும் தெரியாமல் எனக்குக் கண்ணடித்தாள்.

நான் அன்றைக்குச் சன்ஸ்கிரீன் மட்டும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பட்டும் ஜரிகையும் மின்னும் கூட்டத்தில் கதவோரம் என் முகம் ஒன்றுதான் வெறும் முகம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஒரு அம்மா மணப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பூசினதே தெரியவில்லையே, யார் மேக்கப் என்று ஜமீலா அக்காவிடம் கேட்டார். இந்த முகத்தையா காட்டப்போகிறார், ஏதோ ஒரு பெரிய கடை பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். ஜமீலா அக்கா கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி நேராக என்னைக் காட்டினார்: “அதோ, மூஞ்சில ஒண்ணுமே போடாம நிக்கிறாங்களே, அவங்கதான்.”

முகத்தைச் சும்மா விடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஒரு பியூட்டி பார்லர் இன்னும் மூடாமல் ஓடுகிறது என்றால், இந்தத் தொழில் எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்றுதான் அர்த்தம்.